வாளுக்குப் பேர் உண்டா?

சரித்திரக் கதையில் வாள் இல்லாமல் காரியம் நடக்காது. மூன்றாவது அத்தியாயத்துக்குள்ளாவது யாராவது ஒருவன் அதை உறையிலிருந்து உருவியாக வேண்டும். நிலா வெளிச்சத்தில் அது மின்னியாக வேண்டும். அதற்கு மேல் வாசகரும் கேட்பதில்லை, ஆசிரியரும் சொல்வதில்லை. பல்லவர் காலத்துக் காவலன் கையில் இருப்பதும் வாள். எண்ணூறு வருஷம் கழித்து நாயக்கர் காலத்துத் தளவாய் உருவுவதும் வாள். நடுவிலே எத்தனையோ ராஜ்யங்கள் எழுந்து விழுந்தாலும் வாள் மட்டும் மாறாமல் அப்படியே இருந்ததாக ஓர் எண்ணம் நமக்கு.

ஜப்பானியக் கதாசிரியர் ஒருவர் இப்படித் தப்பித்துக்கொள்ள முடியாது. வீரன் குதிரைமேல் போகிறானா, நடந்து போகிறானா என்று அங்கே கேட்பார்கள். குதிரைமேல் போகிறவன் இடுப்பிலிருந்து, கூர் கீழ்நோக்கும்படி தொங்கவிடுகிற நீண்ட வளைந்த வாளுக்குத் 'தாச்சி' என்று பெயர். பிற்காலத்தில் வீரர்கள் தரையில் நின்று சண்டையிடும்போது, கூர் மேல்நோக்கும்படி இடைக்கச்சையில் செருகிக்கொண்டார்களே, அது 'கத்தானா'. அதற்குத் துணையாகச் செருகுகிற நடுத்தரமான வாள் 'வாக்கிசாசி'. அதற்கும் சிறியது 'தாண்டோ'. பிரிப்பதற்கு அளவுகோலும் உண்டு. 'ஷாக்கு' என்பது ஏறக்குறைய நம் அடி. 30 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். இரண்டு ஷாக்குக்கு மேற்பட்டால் பெரிய வாள், ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே நின்றால் வாக்கிசாசி, ஒன்றுக்குக் குறைந்தால் தாண்டோ. (கத்தானா என்றதும் அது நம் 'கத்தி'தான் என்று கடல் தாண்டிப் பாய்கிறவர்கள் நம்மிடையே உண்டு. அந்தக் கூட்டத்தில் நான் இல்லை. ஒரு பக்கம் மட்டும் கூருள்ளது என்று அந்தச் சொல்லுக்கு அவர்களே பொருள் சொல்கிறார்கள்.)

இது வகைப் பெயர். இதற்கு மேல் தனிப்பெயரும் உண்டு. 'வானத்தின்கீழ் ஐந்து வாள்கள்' என்று ஐந்தைத் தேர்ந்து வைத்திருக்கிறார்கள். ஐந்துக்கும் மனிதர்களைப் போலப் பெயர், வரலாறு, கை மாறிய கதை. மூங்கில் ஆணியைத் தட்டிப் பிடியைக் கழற்றினால், உள்ளே மறைந்திருக்கிற இரும்புக் காம்பில் கொல்லனின் பெயர் செதுக்கப்பட்டிருக்கும். பல வாள்களில் ஊரும் ஆண்டும்கூட இருக்கும். எழுநூறு வருஷத்துக்கு முன்னால் வாழ்ந்த மாசமூனே என்கிற கொல்லனைப் பற்றி இன்றும் அந்த நாட்டில் பள்ளிக்கூடப் பையன் பேசுகிறான். இங்கே எந்தக் கொல்லன் பேர் நமக்குத் தெரியும்?

பொறாமையோடு இப்படிக் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடலாம். ஆனால் தருமபுரிக்குப் போனவர்கள் அப்படி உட்கார மாட்டார்கள்.

தமிழ்நாட்டில் பழைய வாள்களைக் கூட்டமாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய இடம் தருமபுரி. இரும்பு வாள் அல்ல, கல் வாள். அந்த ஊரில் தொல்லியல் துறையார் வைத்திருக்கும் அகழ்வைப்பகத்தில் நடுகற்கள் வரிசையாக நிற்கின்றன. அங்கே கொண்டுவரப்படாதவை அரூர்ப் பக்கத்திலும், இருளப்பட்டி போன்ற ஊர்களிலும், வடக்கே கிருஷ்ணகிரி எல்லையிலும், கிழக்கே செங்கத்துக் காடுகளிலும் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. ஆறாம் நூற்றாண்டை ஒட்டி வட்டெழுத்தில் தொடங்கி, கங்கர், நுளம்பர், சோழர் என்று யார் யார் ஆண்டார்களோ அவரவர் காலத்தில் எல்லாம் கல் நட்டிருக்கிறார்கள்.

பகைவர் மாட்டை ஓட்டிக்கொண்டு போவார்கள். ஊரான் ஒருவன் துரத்திப் போய் மீட்பான், அல்லது மீட்கும்போது விழுவான். அவனுக்குக் கல். புலியோடு பொருது விழுந்தவனுக்குக் கல். காட்டுப்பன்றி குத்தி இறந்தவனுக்கும் கல். கல்லைக் காண்பது, கொண்டுவருவது, நீரில் இடுவது, நடுவது, சிறப்புச் செய்வது, வாழ்த்துவது என்று இந்தச் சடங்கை ஆறு படிகளாகத் தொல்காப்பியம் வகுத்துச் சொல்லியிருக்கிறது. வீரனின் இடக்கையில் வில், வலக்கையில் வாள். மார்பிலும் தொடையிலும் அம்புகள் தைத்திருக்கும். ஆனாலும் முழங்காலை மடித்து முன்னேறுகிற நிலையிலேயே செதுக்கியிருப்பான் சிற்பி. இடுப்பில் ஒரு குறுவாள் உறையோடு செருகியிருக்கும்.

இந்தக் கற்களின் முன் நிதானமாக நின்று பார்த்தால், 'வாள் ஒன்றே' என்ற எண்ணம் போய்விடுகிறது. ஒரு கல்லில் வாள் நேராக, முழங்கை நீளத்துக்கு இருக்கிறது. இன்னொன்றில் பிடியருகே ஒடுங்கி, நுனிக்கு வர வர அகன்று, மீன் வாலைப் போல முடிகிறது. வேறொன்றில் அரிவாளைப் போல முன்பக்கம் வளைந்திருக்கிறது. சிற்பிக்குக் கை கோணியதால் வந்த வளைவு அல்ல இது. அம்பின் இறகைக்கூட விடாமல் செதுக்குகிறவனுக்கு வாள் மட்டும் தவறிப்போகுமா?

சரி, இவற்றுக்கெல்லாம் பெயர் என்ன? கல்லில்தான் எழுத்து இருக்கிறதே, படித்துப் பார்க்கலாம் என்று தோன்றும். இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆண்டு, இன்ன தலைவனின் சேவகன், இன்ன ஊர்த் தொறுவை மீட்டுப் பட்டான் என்று கணக்காக எழுதியிருக்கும். தொறு என்றால் மாட்டுக் கூட்டம். செங்கத்துப் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று இருக்கிறது. அதில் வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாய் நிற்கிறது. எஜமானன் விழுந்த பிறகு கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்வெட்டே சொல்கிறது.

அரசனுக்குப் பெயர் இருக்கிறது. வீரனுக்கு இருக்கிறது. நாய்க்கும் இருக்கிறது. கையிலிருக்கிற வாளுக்கு மட்டும் இல்லை.

கல்லை விட்டு நூலுக்கு வருவோம். இங்கே நிலைமை நேர் எதிர். பிங்கலம், சூடாமணி முதலிய நிகண்டுகளைப் புரட்டினால் வாளுக்குப் பெயர் மழையாகக் கொட்டுகிறது. எஃகம், கட்கம், நாந்தகம், ஏதி, உவணி, தூவத்தி, மட்டாயுதம், சுரிகை... மூச்சு முட்டுகிறது. ஆனால் நிகண்டு ஆசிரியர் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, 'வாளின் பெயர்' என்று முடிச்சுப் போட்டுவிடுகிறார். உவணி நேரானதா, வளைந்ததா? ஏதி ஒரு பக்கம் கூரா, இரு பக்கமுமா? அது புலவருக்கு வேண்டாத விவரம். அவருக்கு வேண்டியது எதுகைக்கு ஒரு சொல், மோனைக்கு ஒரு சொல். ஆக, தருமபுரியில் பெயரில்லாத வாள்கள் நிற்கின்றன. நிகண்டில் வாளில்லாத பெயர்கள் கிடக்கின்றன. இரண்டுக்கும் கல்யாணம் செய்து வைத்திருக்க வேண்டியவன் கொல்லன். அவன் எழுதவில்லை. அவனை யாரும் எழுதச் சொல்லவும் இல்லை.

இருந்தாலும் சில பெயர்கள் தாமே வாய் திறந்து பேசுகின்றன. எஃகம் என்பது உலோகத்தின் பெயரே ஆயுதத்துக்கு ஆகி வந்தது. குறுவாள் நீளத்தைச் சொல்கிறது. உடைவாள் அணிகிற இடத்தைச் சொல்கிறது. கொடுவாள் வளைவைச் சொல்கிறது. கட்கம் வடமொழி, அந்த மொழியில் காண்டாமிருகத்துக்கும் அதே பெயர் என்பது ஒரு வேடிக்கை. நாந்தகம் திருமாலின் வாள், அதனால் தனிப்பெயராக இருந்து பொதுப்பெயரானது. சுரிகை என்பது சவரக்கத்தியைக் குறிக்கும் வடமொழிச் சொல்லோடு உறவுடையது. இதன் உறவுக்காரன்தான் சூரிக்கத்தி. நிகண்டில் ராஜாக்களோடு உட்கார்ந்திருந்த குடும்பம் இப்போது தினசரியின் போலீஸ் செய்திப் பகுதிக்கு வந்து சேர்ந்திருக்கிறது! அதே பகுதியில் அடிக்கடி தலைகாட்டுகிற பட்டாக்கத்தி, மராத்தியர் 'பட்டா' என்று சொன்ன நீண்ட வாளின் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது.

தச்சன் மரம் அறுப்பதும் தமிழில் வாள்தான். மீன்காரி கூடையில் நீளமாக மின்னுவது வாளை. அடுப்பங்கரையில் அரிவாள்மணை. போர்க்களத்தை விட்டு வந்த வார்த்தை ஒருநாளும் வேலையில்லாமல் இருந்ததில்லை.

தருமபுரி என்றால் பழைய தகடூர். தகடூர் என்றால் அதியமான் நெடுமான் அஞ்சி. அவன் வெறும் பாட்டுடைத் தலைவன் அல்ல என்பதற்கு, 1981-ல் ஜம்பையில் கண்டெடுக்கப்பட்ட தமிழிக் கல்வெட்டு சாட்சி. அவனுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போன கதையைத் தெரியாத தமிழர் இல்லை. தொண்டைமான் தன் ஆயுதசாலையைக் காட்டிப் பெருமைப்படுகிறான். மயிற்பீலி சூட்டி, மாலை போட்டு, நெய் பூசிப் பளபளவென்று வைத்திருக்கிறான். அம்மையார் புகழ்வதுபோலப் புகழ்ந்து, எங்கள் அரசனுடைய ஆயுதங்களோ பகைவரைக் குத்திக் குத்தி முனை முறிந்து கொல்லன் பட்டறையிலேயே கிடக்கின்றன என்று சொல்லிவிட்டார். பாட்டில் வருவது வேல்தான், வாள் அல்ல. ஆனாலும் எனக்கு அதில் பிடித்தது தொண்டைமான் வாங்கின அடி அல்ல. தகடூரில் ஓய்வில்லாமல் நடந்த ஒரு கொல்லன் பட்டறை அந்தப் பாட்டுக்குள் இருக்கிறது என்பதுதான்.

அதே ஔவையார் அதியமானைப் பற்றிப் பாடிய இன்னொரு புறநானூற்றுப் பாட்டில் ஒரு விசித்திரமான வழக்கம் வருகிறது. போரில் சாகாமல் நோயில் இறந்த அரசர்களைத் தருப்பைப் புல்லில் கிடத்தி, மந்திரம் சொல்லி, வாளால் பிளந்து அடக்கம் செய்வார்களாம். வீரர் போகிற உலகத்துக்கு அப்போதுதான் வழி உண்டு என்பது நம்பிக்கை. நீயோ களத்தில் முகத்தில் புண்பட்டு நின்றாய், அந்த அவமானம் உனக்கு வேண்டாம் என்கிறார் அம்மையார். உயிரோடு இருக்கும்போது வாளைச் சந்திக்காதவன், செத்த பிறகாவது சந்தித்தே ஆக வேண்டும். இவ்வளவு மரியாதை இருந்தது வாளுக்கு. வென்ற வாளுக்கு நீராட்டு, புறப்படுகிற வாளுக்கு நல்ல நாள் என்று துறை துறையாகப் பாடிய ஜனங்கள் இவர்கள். பின்னால் தகடூரைச் சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை அழித்தான். அந்தப் போரைப் பாடிய 'தகடூர் யாத்திரை'யும் முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. சில பாட்டுகளே தப்பின.

பட்டறை ஓயவில்லை என்றேனே, இரும்புக்கு எங்கே போனார்கள்? எங்கும் போகவில்லை. காலடியில் இருந்தது. பழைய சேலம் ஜில்லா முழுவதும் இரும்புக் கல் இருக்கிறது. 1965 வரையில் தருமபுரியும் அந்த ஜில்லாவில் அடங்கியதுதான். மேட்டூருக்கு அருகே தெலுங்கனூரின் ஈமக்குழியிலிருந்து கிடைத்த எஃகு வாள், கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டைச் சேர்ந்தது என்று பரிசோதனையில் தெரிந்திருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் தமிழக அரசு அறிவித்தது. அந்த இடமும் 2004 வரையில் தருமபுரி மாவட்டம்தான்.

இந்த வட்டாரத்து உருக்கைச் செய்த முறை கதையைப் போல இருக்கும். தேனிரும்பைச் சிறு துண்டாக வெட்டி, களிமண்ணும் உமியும் பிசைந்து செய்த குகையில் போடுவார்கள். குகை என்றால் மண் மூசை. அதோடு காய்ந்த ஆவாரங்குச்சி கொஞ்சம், மேலே எருக்கிலை ஒன்றிரண்டு. வாயை மண்ணால் அடைத்து, இருபதுக்கு மேற்பட்ட குகைகளை ஒன்றாக அடுக்கித் துருத்தி ஊதுவார்கள். இரண்டரை மணி நேரத்தில் இரும்பு குச்சியிலிருந்த கரியைக் குடித்து உருகிவிடும். ஆறவைத்து உடைத்தால் உள்ளே உருக்குக் கட்டி. 1830-ல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கிய ஹீத் துரை இதைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். ஜப்பானியர் முறை வேறு: மூன்று பகல் மூன்று இரவு மணலிரும்பைக் கரியோடு எரித்து, வந்த கட்டியை மடித்து மடித்து அடித்து, கூர்ப்பக்கத்தில் மெல்லிசாகவும் முதுகில் கனமாகவும் களிமண் பூசித் தண்ணீரில் தோய்ப்பது. அவர்களுடைய சாமர்த்தியம் சம்மட்டியில், நம்முடைய சாமர்த்தியம் குகைக்குள்ளே.

அந்தக் கட்டிகள் கப்பலேறின. இந்திய உருக்கில் செய்த வாளை அரபு நாட்டில் 'முஹன்னத்' என்றார்கள். இந்தியாக்காரன் என்று அர்த்தம். தண்ணீர் அலைபோல மேலே ரேகை ஓடும் அந்த வாள்களைப் பார்த்த ஐரோப்பியர், வாங்கின கடைவீதியின் பெயரால் டமாஸ்கஸ் வாள் என்றார்கள். உருக்கு, உக்கு என்ற நம் பக்கத்துச் சொல்லைக் குதறி 'வூட்ஸ்' ஆக்கினார்கள். 1794-ல் அதன் மாதிரி லண்டனுக்குப் போயிற்று. பின்னாளில் மின்காந்தத் தூண்டலைக் கண்ட மைக்கேல் ஃபாரடேயே 1819-ல் அதை ஆராய்ந்தார். நம் இரும்புக்கு அரபியில் ஒரு பேர், இங்கிலீஷில் ஒரு பேர். செய்தவன் வைத்த பேர்?

இதிலே இன்னொரு கசப்பும் உண்டு. உருக்கை ஏற்றுமதி செய்த நாடு, பதினாறாம் பதினேழாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய அலகுகளை வாங்க ஆரம்பித்துவிட்டது. தஞ்சாவூர் ஆயுதசாலைக் கட்டாரிகளைச் சென்னை எழும்பூர் மியூசியத்தில் பார்க்கலாம். கையை மூடும் கவசம், யாளி முகம், இலைக்கொடி வேலை என்று பிடி முழுவதும் நம்மவன் கைத்திறன். அலகு மட்டும் பலவற்றில் சீமை வாளின் துண்டு. பரங்கி வாள் என்றால் அன்றைக்கு ஒரு மோகம். இன்றைக்குச் சீமை எழுத்துப் போட்ட எதன்மேலும் நமக்கு இருக்கிற மோகந்தான். அந்தக் கட்டாரிக்கு வந்த யோகம், இங்கிலீஷ் அகராதியிலும் அது ஏறக்குறைய அதே பெயரோடு ஏறிவிட்டது.

ஆயுதங்கள் மறைந்த கதை சுருக்கமானது. 1792-ல் திப்புவிடமிருந்து பாரமகால் கும்பினி கைக்குப் போனது. தெற்கே பாளையக்காரர் போர் முடிந்ததும் 1801 டிசம்பரில், ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்று கிளைவ் பிரபுவின் பிரகடனம் வந்தது. 1855-ல் தஞ்சை அரசர் ஆண் வாரிசில்லாமல் இறந்தார். 1863-ல் அரண்மனை ஆயுதசாலையைப் பிரித்து, நல்லதென்று பட்ட சிலவற்றை மியூசியத்துக்கு அனுப்பிவிட்டு, மிச்சத்தை உடைத்துப் பழைய இரும்பாக விற்றார்கள். 1878-ல் ஆயுதச் சட்டம் வந்தது.

ஜப்பானிலும் வாளைப் பிடுங்கினார்கள். 1588-ல் ஹிதேயோஷி குடியானவர்களிடம் வாள்களைப் பறித்து, புத்தர் சிலைக்கு ஆணி அடிக்கப் போகிறேன், புண்ணியம் என்றான். 1876-ல் சாமுராய்களே வாள் அணியக்கூடாது என்று உத்தரவாயிற்று. ஆனால் அங்கே காம்பில் பெயர் செதுக்கிய வாள் எஞ்சியது. அதைப் படிக்கத் தெரிந்தவர்களும் எஞ்சினார்கள். தஞ்சாவூரில் உடைபட்டவற்றை யாரும் பெயர் சொல்லி எண்ணவில்லை. எடை போட்டார்கள்.

பழைய இரும்பை அந்தக் காலத்தில் யார் வாங்குவார்கள்? பக்கத்து ஊர்க் கொல்லர்கள்தாம். அந்த வாள்களில் எத்தனை காவேரிக் கரை வயல்களில் கதிர் அரிவாளாக மறுஜன்மம் எடுத்தனவோ!

சென்ற வருஷம் அரூர்ச் சாலையில் ஒரு பட்டறையில் நின்றேன். பக்கத்துத் தோப்பில் ஒரு நடுகல்; ஊராருக்கு அது வேடியப்பன். மஞ்சளும் எண்ணெயும் ஏறி வீரனுடைய முகம் மழுங்கிவிட்டது. வாள் மட்டும் தெளிவாக இருந்தது. அதைத் தாளில் வரைந்து எடுத்துப்போய்ப் பட்டறைக்காரரிடம் நீட்டினேன். அறுபது வயதிருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"வேடியப்பன் கையில இருக்கிறதுங்களா?"

"ஆமாம் ஐயா. இதற்கு என்ன பேர் சொல்வீர்கள்?"

"பேர் என்னாங்க, கொடுவாள் மாதிரிதான் இருக்குது. ஆனா பிடி சின்னது, ஒத்தைக் கையி. நுனியில பாரம் வெச்சிருக்கான் பாருங்க. இது குத்தறதுக்கு இல்லீங்க, ஓங்கி வெட்டறதுக்கு. கழுத்து இந்த இடத்துல ஒடுங்குது இல்லே, அங்கே தப்பா தோய்ச்சிருந்தா முதல் வெட்டுலயே முறிஞ்சிடும். முறியாம செஞ்சிருக்கான்னா வேலைக்காரன்தான்."

ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முந்திய ஒரு வாளை அதன் எடை, வீச்சு, பலவீனம் எல்லாவற்றோடும் அவர் படித்துவிட்டார். இதே மாதிரி ஒன்று செய்து கொடுக்க முடியுமா என்று கேட்டேன்.

"லாரிப் பட்டையில வேணும்னா அடிச்சுத் தரலாங்க. போலீசுக்கு யார் பதில் சொல்றது?" என்று சொல்லிவிட்டு, தாளை மடித்து என் கையில் கொடுத்துத் துருத்திச் சக்கரத்தைச் சுற்றத் தொடங்கினார்.